பிரேக்கின் மேல் வைத்த கால்

மூலனூர் முருங்கைக்காய்ச் சந்தை வாசலில் ஜீப் நிற்காமல் போன அன்றைக்குக் காசிமாயன் பிரேக்கை மூன்று தடவை மிதித்தான். முதல் மிதிக்கு வண்டி கொஞ்சம் யோசித்தது. இரண்டாவது மிதிக்குப் பெடல் பலகையோடு போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது மிதி வெறும் பயம். கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த முருங்கைக்காய்க்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு ஜீப் நின்றது. காய்க்காரர்கள் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தார்கள். அது அவனுக்கு உறைக்கவே இல்லை. பக்கத்துச் சீட்டில் முதலாளியம்மா இந்துமதி, முன்னால் ஊன்றிய வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, வாடகைக் காரில் அவளை வீடு சேர்த்தார்கள். மறுநாள் காசிமாயன் ஜீப்பை ஊர்ந்து ஊர்ந்து, மாட்டு வண்டிக்கெல்லாம் வழிவிட்டுக் கொண்டுவந்து கம்பெனியில் நிறுத்தினான்.

கம்பெனி என்றால் அருள்புரத்தில் பொங்கியண்ணனின் பனியன் கம்பெனி. இந்துமதி அவர் மனைவி. ஜீப் அவருடைய அப்பா தோட்டத்துக்கென்று வாங்கியது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய வண்டி. மழைக்காலத்தில் மூலனூர்த் தோட்டத்துச் சேற்றில் வேறு எந்த வண்டியும் போகாது என்பதால், புதுக் கார் இரண்டு வந்த பிறகும் அதை விற்க அவருக்கு மனசு வரவில்லை. அந்த ஜீப்புக்கு ஒன்பது வருஷமாக டிரைவர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த காசிமாயன். அவன் மனைவி சின்னத்தாய் அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். குடியிருப்பது கம்பெனிக்குப் பின்னால் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில். பாருங்கள், அவனுடைய வேலையும் அவள் வேலையும் தலைக்கு மேலே இருக்கிற கூரையும் ஒரே மனுஷரின் கையில் இருந்தன.

"ஏன்டா காசிமாயா, உன்னைய நம்பித்தான பொம்பளைய அனுப்புனேன்?" என்றார் பொங்கியண்ணன், வண்டி வந்து நின்றதற்கு அடுத்த நாள் காலையில்.

"பிரேக்கு புடிக்கலீங்க மொதலாளி. தீவாளியில இருந்தே சொல்லிக்கிட்டிருக்கேனுங்க."

"சொன்னே, சொன்னே. லைனிங்கு மாத்திக் குடுத்தனா இல்லியா?"

"குடுத்தீங்க."

"ஒரு மாசத்துல அதும் போச்சுன்னா, அது வண்டியாடா? காலுடா! பிரேக்கு மேலயே காலைத் தூக்கி வெச்சுட்டு ஓட்டுனா எந்த வண்டி தாங்கும்?"

இந்துமதியின் தம்பி மகுடேஸ்வரன்தான் கம்பெனிக்கு மேனேஜர். அவன் பக்கத்தில் நின்றான். "வாதம் எதுக்குங் மச்சான், ஓட்டிப் பாத்தாப் போச்சு" என்று சாவியை வாங்கிக்கொண்டான்.

டீ நேரம். கட்டிங், செக்கிங் ஆட்கள் எல்லாரும் டம்ளரோடு வெளியே வந்து நின்றார்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த வண்டியை மகுடேஸ்வரன் கம்பவுண்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சின்னத்தாய் நின்ற இடத்துக்குப் பத்தடி முன்னால் பிரேக் போட்டான். சக்கரம் மண்ணைச் சீய்த்துக்கொண்டு நின்றது. இன்னொரு சுற்று. மறுபடியும் நின்றது.

"நிக்குதுங் மச்சான், சொன்ன எடத்துல நிக்குது!"

"பிரேக் டீக் ஹை, பாய்!" என்று துணி பின்னுகிற நிட்டிங்கில் வேலை பார்க்கும் பீகார்ப் பையன், பிரேக் சரியாகத்தான் இருக்கிறது என்பதை இந்தியில் கத்த, கூட்டம் சிரித்தது. சின்னத்தாய் டம்ளரைக் கழுவப் போகிறவள் போல உள்ளே போய்விட்டாள்.

பொங்கியண்ணன் கெட்ட மனுஷர் இல்லை. யோசித்துவிட்டு, "வெள்ளிக்கெழம வரைக்கும் டைமு. உனக்கு எந்த மெக்கானிக்கப் புடிக்குதோ அவனுட்டயே காட்டு. வண்டி மேல தப்புன்னா வண்டிக்குச் செய்யறேன். உம்மேல தப்புன்னா..." என்றார். மிச்சத்தைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத மிச்சத்தைக் காசிமாயன் வீட்டுக்குச் சுமந்து போனான்.

சின்னத்தாய் சோற்றைப் போட்டுவிட்டு, "ஏன்யா, நெசமாவே காலைத் தூக்கி அது மேலதான் வச்சுக்கிட்டு ஓட்டுறியா?" என்று கேட்டாள்.

"நீயுமாடி?"

"கேட்டேன். கேக்கக் கூடாதா?"

சாப்பிட்டு முடித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே வண்டி இருப்பதுபோல் வலது காலை நீட்டிப் பார்த்தான். ஆக்சிலேட்டர். பிரேக். மறுபடி ஆக்சிலேட்டர். இத்தனை வருஷமாய் அந்தக் கால் என்ன செய்கிறது என்று அவன் பார்த்ததே இல்லை. யார்தான் பார்க்கிறார்கள்? பார்க்கப் பார்க்க அது வேறொருத்தன் காலைப்போல இருந்தது.

பல்லடம் ரோட்டில் வீரணன் பட்டறை போட்டிருந்தான். காசிமாயனின் ஊர்ப்பக்கத்துக்காரன். பொங்கியண்ணன் கம்பெனி வண்டி ஐந்தும் அவனிடம்தான் வேலைக்கு வரும்.

"வா மாப்ள! சந்தைக்குள்ளயே முருங்கக்கா சாம்பார் வச்சிட்டியாமே?"

"வெளையாடாத வீரணா. பொழப்பு போகப்போகுது."

வீரணன் சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியைச் சுற்றி வந்தான். சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினான். ஈரம் இல்லை, ஒழுகல் இல்லை. முன்சக்கரத்து டிரம் ஒன்றைக் கழற்றினான். உள்ளே டிரம்மை அழுத்திப் பிடிக்கிற லைனிங் பட்டை கண்ணாடிபோல் பளபளவென்று தேய்ந்து கருகியிருந்தது. டிரம்மில் சூடு ஏறி ஏறி நீலம் பாய்ந்திருந்தது.

அதைப் பார்த்ததும் வீரணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மாப்ள, கோவிச்சுக்காத. இது காலை மேல வச்சே ஓட்டுற வண்டிக்கு வர்ற சீக்கு."

காசிமாயன் குனிந்து தன் காலைப் பார்த்தான். "அப்ப அவுக சொன்னது சரிதானா?"

"நான் எங்க சரின்னேன்? இரு, கூட வாறேன். நீ பாட்டுக்கு ஓட்டு."

டிரம்மை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வீரணன் பக்கத்துச் சீட்டில் உட்காரவில்லை. கீழே பலகையில் குத்தவைத்து, காசிமாயனுடைய பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டான். "செருப்பக் கழட்டு. ஆத்திர அவசரத்துக்கு மட்டும் பிரேக்குப் போடு. மத்தபடி கியர்லயே கொறச்சுக்க." பல்லடம் வரை ஒரு தரம்கூட அவன் அந்தப் பாதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சோதனைச்சாவடிக்காரன்கூட அப்படிப் பார்க்கமாட்டான். காசிமாயனுக்குக் கால் கூசியது.

பல்லடத்தில் ஓரங்கட்டச் சொல்லி இறங்கி, பாட்டிலிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி டிரம்மின் மேல் தெளித்தான். தோசைக்கல்லில் தெளித்ததுபோல் 'சுர்' என்றது. நாலு சக்கரத்திலும் அதே சத்தம்.

"எத்தன தரம் பிரேக்குப் போட்ட?"

"ரெண்டு."

"ரெண்டுதான். நானும் எண்ணுனேன். ரெண்டு மிதிக்கு இந்தச் சூடு வராது மாப்ள. நீ காலை எடுத்த பொறகும் இது பிடிய விடல."

அங்கேயே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினான். கையால் சுற்றிப் பார்த்தான், நகரவில்லை. இருவரும் சேர்ந்து தள்ளினார்கள், அப்போதும் இல்லை. பின்பக்கம் ஏர் எடுக்கிற நிப்பிளை ஸ்பேனரால் அரைத் திருகு திருகினான். உள்ளே அடைபட்டுக் கிடந்த ஆயில் பீய்ச்சியடித்தது. சக்கரம் கை பட்டதுமே சுழன்றது.

"பாத்துக்க. மிதிச்சா போற ஆயிலு, காலை எடுத்தா திரும்பி மேல வரணும். இதுல போறது போறதுதான், வர்றதில்ல. வராம அங்கனயே நின்னு லைனிங்க நெருக்கிக்கிட்டு இருக்கு. பத்து மைலு போனா லைனிங்கு வெந்துரும், பெறகு நீ ஏறி நின்னு மிதிச்சாலும் புடிக்காது. கம்பவுண்டுக்குள்ள ஒரு சுத்து சுத்துனா குளுந்த வண்டி நிக்காம என்ன செய்யும்? ஒங்காலு மேல தப்பில்ல."

ரோட்டோரமாய் நின்ற காசிமாயனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு மனுஷனுக்கு அவன் காலையே திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது அந்தச் சொல். அதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பட்டறைக்குத் திரும்பி, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் கப் லேசில் வெளியே வரவில்லை. நெம்பி எடுத்தபோது, ஊறப்போட்ட கொண்டைக்கடலைபோல் உப்பி, விரலுக்கு நசநசவென்று இருந்தது. ஆயில் திரும்புகிற ஊசித்துளையை அதுதான் போய் அடைத்திருக்கிறது. வீரணன் புதுக் கப் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அண்ணன் தம்பி என்றால் நம்பமாட்டார்கள்.

"பிரேக் ஆயிலுக்கு ரப்பர் ஊதாதே! பெட்ரோல் மண்ணெண்ணெய்க் கொலத்துல பொறந்த ஆயில ஊத்துனாத்தான் ஊதும்." அதன் மேலிருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மிச்சமிருந்ததை விரலில் தொட்டு நீட்டினான். "இது என்ன எழவுன்னு மோந்து பாரு."

காசிமாயனுக்கு மோந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. சின்னத்தாயின் சேலையில், தலையணையில், சில நாள் சோற்றில்கூட இருக்கிற வாசனை அது. நிட்டிங் மிஷின் ஊசிக்கு விடுகிற நீடில் ஆயில். துணியில் பட்டாலும் கறை தெரியக்கூடாது என்று தண்ணீர்போல் வெள்ளையாக வரும். அந்த ஊரில் அது இல்லாத இடம் கிடையாது. கதவுக் கீலுக்கு அதுதான், சைக்கிள் செயினுக்கு அதுதான்.

விரலைத் துடைக்காமலே காசிமாயன் டயர் மேல் உட்கார்ந்தான். அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

புரட்டாசியில் ஆயுத பூசை. அன்றைக்குக் கம்பெனியில் ஒரு வழக்கம். எல்லா மிஷினுக்கும் எல்லா வண்டிக்கும் முதலாளி தன் கையால் ஆயில் விடுவார். அவர் அப்பா தோட்டத்து மோட்டாருக்கு விட்ட வழக்கம், மகன் கம்பெனிக்குக் கொண்டுவந்தது. நிட்டிங் மிஷின் எல்லாவற்றுக்கும் விட்டுவிட்டு, மீதி ஆயில் கேனோடு பட்டு வேட்டி சரசரக்க ஜீப்புக்கு வந்தார். பின்னாலேயே பொரித்தட்டோடு இந்துமதி. பானெட்டைத் திறந்ததும் பிரேக் டப்பாவில் அளவு குறைந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. "மூடியக் கழட்டுடா" என்றார். காசிமாயன் கழற்றினான். கேன் சாய்ந்தபோது, "ஏனுங்க மொதலாளி, இதுக்கு வேற..." என்று ஆரம்பித்தான். "நல்ல நாளும் அதுவுமாக் குறுக்க பேசாதடா. செர்மன் ஆயிலு, எங்கப்பன் வண்டிக்கு ஊத்தாம ஆரு வண்டிக்கு ஊத்தறது?" என்று சிரித்துக்கொண்டே ஊற்றினார். சாம்பிராணிப் புகைக்கு நடுவே காசிமாயன் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். நாளைக்கு வேறு வேலை வந்தது.

இதைக் காசிமாயன் சொல்லி முடித்ததும் வீரணன் வெகுநேரம் ஸ்பேனரைத் துடைத்தான்.

"நீ அங்க வந்து சொல்லணும் வீரணா."

"வாறேன். பிரிச்சுப் பாத்ததச் சொல்றேன். பூசையில நான் இல்ல மாப்ள."

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் கம்பெனி ஆபீசுக்குப் போனார்கள். பொங்கியண்ணன், கட்டுக்கையோடு இந்துமதி, மகுடேஸ்வரன் மூன்று பேரும் இருந்தார்கள். வீரணன் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி மேசைமேல் வைத்தான். ஒன்றில் புதுப் பிரேக் ஆயிலை விட்டான். அது தண்ணீரோடு கலந்து காணாமல் போனது. இன்னொன்றில் ஜீப்பிலிருந்து எடுத்ததை விட்டான். அது கலக்காமல், ஏடுபோல் மேலே மிதந்தது. பக்கத்தில் உப்பிய ரப்பரையும் புது ரப்பரையும் வைத்தான்.

"வண்டியோட தப்புங்க. டிரைவர் காலு மேல தப்பில்லைங்க. பிரேக் டப்பாவுல மிஷின் ஆயிலு கலந்திருக்கு."

பொங்கியண்ணன் குனிந்து டம்ளரில் விரலைத் தொட்டு மோந்தார். அந்த வாசனை அவருக்குத் தெரியாதா? அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. இந்துமதி அதைப் பார்த்தாள். காசிமாயனும் பார்த்தான்.

"இது ஆரு பண்ணுன வேலை?" என்றான் மகுடேஸ்வரன்.

"ஊத்துனது ஆருன்னு ஆயில்ல எழுதியிருக்காதுங்க" என்றான் வீரணன், டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

எல்லார் கண்ணும் காசிமாயன் மேல் வந்து நின்றது. அவன் முதலாளியையே பார்த்தான். 'அட, நாந்தான்டா ஊத்துனேன், பூசையன்னைக்கு!' என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தால் போதும், எல்லாரும் சிரித்துவிட்டு டீ குடிக்கலாம். அதற்காக அவன் காத்திருந்தான். முதலாளி டம்ளரை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"ஆயுத பூசையன்னைக்கு மொதலாளி கையாலதானுங்க..." என்று அவனே ஆரம்பித்தான்.

"நில்லப்பா" என்றான் மகுடேஸ்வரன். "பூசைக்கு ஊத்துன ஆயிலா எங்கக்கா கையை ஒடிச்சுது? மூடியக் கழட்டுனது ஆரு?"

"நாந்தானுங்க."

"அது என்ன ஆயிலுன்னு உனக்குத் தெரியாது?"

"சந்தேகமா இருந்துச்சுங்க. கேக்கப் பாத்தேனுங்க."

"கேட்டியா, கேக்கப் பாத்தியா?"

கேட்டதும் கேட்காததும் பாதிப் பாதி. காசிமாயன் இந்துமதியின் பக்கம் திரும்பினான். "அம்மா, நீங்க பொரித்தட்டோட பக்கத்துலதானுங்கம்மா நின்னீங்க."

இந்துமதி மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்காமல், புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னைக்கு இருந்த கூட்டத்துல எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லீங்க."

பொங்கியண்ணன் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமானது.

"வீரணா, ரப்பரெல்லாம் பூராத்தையும் மாத்தி வண்டியச் செரி பண்ணிரு" என்றார். பிறகு காசிமாயனிடம், "செரிங்க. உங்களுக்கு இங்க செரிப்பட்டு வராதுங்க. வேற எடமாப் பாத்துக்கங்க" என்றார்.

ஒன்பது வருஷமாய் அந்த வாய் அவனை டா போட்டே கூப்பிட்டிருக்கிறது. திட்டும்போதும் டா, பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுக்கும்போதும் டா. இன்றைக்குத்தான் முதல் தடவையாக 'ங்க' வந்தது. அந்தச் சீமையில் கொஞ்சுவதற்கும் 'ங்க' உண்டு, கதவைச் சாத்துவதற்கும் 'ங்க' உண்டு. எது எதற்கு என்று காசிமாயனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவனைத் திட்டியிருந்தால்கூடக் காலில் விழுந்து கேட்டிருப்பான். மரியாதை கொடுத்தவர் காலில் எப்படி விழுவது?

வெளியே வந்ததும் வீரணன், "கம்பெனி வண்டி அஞ்சு வருது மாப்ள..." என்றான்.

"தெரியும், போ" என்றான் காசிமாயன்.

லைன் வீட்டைக் காலி செய்ய நாலு நாள் கொடுத்தார்கள். சின்னத்தாயும் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. காசிமாயன் மூன்று கம்பெனியில் டிரைவர் வேலை கேட்டான். "பொங்கியண்ணன் சம்சாரத்தோட கையை ஒடிச்ச ஆளுதானுங்களே நீங்க?" என்று மரியாதையாகவே கேட்டார்கள். கடைசியில் வெள்ளகோவில்காரர் ஒருவருடைய லோடு ஆட்டோவை வாடகைக்கு எடுத்து, சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்கும் துணி உருளை ஏற்றினான்.

பங்குனி வெயிலில் ஒருநாள் கிளட்ச் கேபிள் அறுந்துபோய், வேறு வழியில்லாமல் வீரணன் பட்டறைக்கு ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போனான். அந்த ஜீப் அங்கே நின்றிருந்தது. அதன் அடியில் இரண்டு கால் தெரிந்தது. வீரணன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். நிழலில் பனியன் போட்ட சின்ன வயசு ஆள் ஒருவன் பன் தின்றுகொண்டிருந்தான்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்று அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். "பேரு ராஜ்கமல். தூத்துக்குடிப் பக்கம். இந்த ஜீப்புக்கு நாந்தான் டிரைவர்."

"வண்டி எப்படி தம்பி?" என்று கேட்டான் காசிமாயன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பழசுதாம்ணே, ஆனா பிரேக்கு இருக்கே! வெரல வச்சாப் போதும், நின்னுரும். நாலு மாசத்துல ஒரு தொந்தரவு கெடையாது." பன்னைக் கடித்துக்கொண்டு அவன் சிரித்தான். "எனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்திருக்காம்ணே. பிரேக்கு மேலயே காலைத் தூக்கி வச்சுக்கிட்டு ஓட்டி, மொதலாளியம்மா கையவே ஒடிச்சுட்டானாம். அவன் போனதும் பாருங்க, வண்டி சரியாயிட்டு. கம்பெனியில எல்லாரும் அதைத்தாம் சொல்லுதாங்க."

ஜீப்புக்கு அடியில் தட்டுகிற சத்தம் நின்றது.

காசிமாயன் அந்த இரண்டு காலையும் பார்த்தான். கிரீஸ் படிந்த அந்தப் பாதங்கள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன. வெளியே வரும் என்று நினைத்தான். ஒரு வாய் பேசும் என்று நினைத்தான்.

பிறகு தட்டுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

"அப்படியா தம்பி" என்றான் காசிமாயன்.